மாலை ஐந்து மணி வகுப்பு

மார்ச் 4, செவ்வாய்

புதுக்கடை நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளுக்கும் தவணை கொடுத்துவிட்டார்கள். நேரத்தோடு பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். ஐந்து மணிக்கு இணையவழி வகுப்பு. இங்கே மாலை ஐந்து என்றால் சாவோ பாவுலோவில் காலை எட்டரை, டோக்கியோவில் இரவு எட்டரை. சட்ட ஆங்கிலம் படிக்க வருகிற பதினொரு பேரும் தத்தம் நாட்டுச் சட்டத்தரணிகள். சட்டம் தெரிந்தவர்கள், இடறுவது சொல்லில்தான்.

இன்று இடறிய சொல் 'கன்சிடரேஷன்'. பிரேசில் மாணவி அதைத் தன் ஒப்பந்த வரைவில் 'கருத்திற்கொண்டு' என்ற பொருளில் எழுதியிருந்தார். அகராதிப்படி பிழையில்லை. ஆனால் ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டத்தில் அது பிரதிபயன்: ஒருவர் தரும் வாக்குக்கு ஈடாக மற்றவர் கொடுப்பது. அது இல்லாத வாக்கு, முறைப்படியான உறுதிப் பத்திரமாக எழுதப்பட்டாலன்றி, அங்கே பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது.

மார்ச் 6, வியாழன்

கண்டோஸ் சாக்லேட் உறை ஒன்றைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வகுப்பைத் தொடங்கினேன். எடுத்தது ஒரு பழைய ஆங்கிலேய வழக்கு. ஒன்றரை ஷில்லிங்கும் மூன்று சாக்லேட் உறைகளும் அனுப்பினால் ஓர் இசைத்தட்டு என்று நெஸ்லே அறிவித்திருந்தது. வந்த உறைகளை நிறுவனம் எறிந்துவிடும். ஆனாலும் அவையும் பிரதிபயனின் பகுதியே என்று 1959இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்தது.

டோக்கியோ மாணவர் அதிகம் பேசாதவர். இன்று கேட்டார்: "குப்பைக்குப் போகும் உறை போதுமென்றால், மகளுக்குக் காணி தருவேன் என்று தந்தை அன்பினால் சொன்ன வாக்கு ஏன் போதாது?" ஆங்கிலேயச் சட்டத்தில் அன்பு பிரதிபயன் ஆகாது என்றேன். அது சரியான விடைதான். சொன்ன பிறகு எனக்கே மனம் ஒப்பவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய சீதன உறுதியை எடுத்து வகுப்பில் காட்டினேன். மடிப்புகளில் தாள் பழுத்து, நொத்தாரிசின் கையெழுத்து மண்ணிறமாகிவிட்டது. காணி கொடுப்பதற்கான காரணம் ஒரே வரியில் இருக்கிறது: மகள்மேல் கொண்ட இயற்கையான அன்பும் பாசமும்.

இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடித்தளம் ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம். அது பிரதிபயனைக் கேட்பதில்லை, தகுந்த காரணத்தைத்தான் கேட்கிறது. அறக்கடப்பாடும் அத்தகைய காரணமாகலாம் என்பதை 1918இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் ஏற்றுக்கொண்டது. இதைச் சொன்னதும் பிரேசில் மாணவியின் முகம் தெளிந்தது. "அப்படியானால் எங்கள் சட்டத்துக்கு நீங்கள் கிட்டத்து உறவு" என்றார்.

சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுப்பது சட்ட ஆங்கிலம் கற்பிப்பதாகாது என்று எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். சொல்லுக்கு அடியில் எந்தச் சட்டம் கிடக்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டு சட்ட மரபுகளும் கலந்து புழங்கும் கொழும்பில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடிவது எனக்குப் பெரிய பேறு.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. வகுப்பில்லை. வரைவுகளைத் திருத்தினேன். பிரேசில் மாணவி அந்த வாசகத்தை முழுவதும் அடித்துவிட்டு, யார் எதைக் கொடுக்கிறார், ஈடாக எதைப் பெறுகிறார் என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறார். திருத்த ஒன்றுமில்லை. இஸ்தான்புல் மாணவரின் வரைவில் பதினேழு 'ஷல்', ஒப்பந்தத்தில் கடமையைக் குறிக்க வேண்டிய ஆங்கிலச் சொல். அவற்றில் கடமையைச் சொல்வது நான்கு மட்டுமே. செவ்வாய்க்கிழமை அதைத்தான் எடுக்க வேண்டும்.