ஒரு மணிக்குக் கதவடைக்கும் கூபியோ

இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் இருக்கும் மலையூரான கூபியோவுக்கு ரயிலில் போகலாம் என்று டிக்கெட் இயந்திரமே சொல்லும். ஸ்டேஷன் பலகையிலும் ‘ஃபோஸ்ஸாத்தோ தி வீக்கோ – கூபியோ’ என்றுதான் எழுதியிருக்கும். நம்பி இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூபியோவைக் காணோம். அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி வேறொரு மலையடிவாரத்தில் இருக்கிறது. உம்ப்ரியா பகுதி முழுக்க இந்த வேடிக்கை உண்டு. தண்டவாளம் பள்ளத்தாக்கில் ஓடும், ஊர் மேலே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கும். அசிசி ஸ்டேஷனும் அசிசியில் இல்லை, கீழே சாந்தா மரியா தெலி ஆஞ்ஜெலியில்தான். ஒர்வியேத்தோ மட்டும் கொஞ்சம் புண்ணியம் கட்டிக்கொண்டது: ஸ்டேஷன் எதிரிலேயே குன்றில் ஏற்றிவிடும் கம்பிவட ரயில்.

மற்ற ஊர்களுக்கு பஸ்தான் கதி. டிக்கெட்டை டிரைவரிடம் கேட்டால் கூடுதலாக வாங்குவார், இல்லாவிட்டால் கையை விரிப்பார். முன்கூட்டியே வாங்க வேண்டிய இடம் புகையிலைக் கடை. வாசலில் பெரிய ‘T’ எழுத்து தொங்கும். சிகரெட், தபால்தலை, லாட்டரி, பஸ் டிக்கெட் எல்லாம் அங்கேதான். வாங்கினால் மட்டும் போதாது. பஸ்ஸில் ஏறியதும் உள்ளே உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். ‘ரீஜியோனாலே’ என்ற உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டுக்கும் முத்திரை உண்டு. அதை நடைமேடையில், ஏறுவதற்கு முன்பே குத்தியாக வேண்டும். போனில் வாங்கியவர்கள் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டில் உங்களுக்கு உரியதை மறந்தால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அபராதமும் கட்டலாம்.

பஸ் அட்டவணை தனிக் கலை. குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் திங்கள் முதல் சனி வரை ஓடும் வண்டி. சிலுவைப் படம் ஞாயிறுக்கும் பண்டிகைக்கும். ‘ஸ்கோலாஸ்திகோ’ என்று குறித்திருந்தால் அது பள்ளிப் பிள்ளைகளின் வண்டி. நீங்களும் ஏறலாம், ஆனால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அந்த வண்டி கிடையாது. ஜூலையில் அதற்காகக் காத்திருப்பவரை ஊர்ப் பெரியவர்கள் எதிர் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே கேட்டுவிடுங்கள்.

இப்படி வந்து சேர்ந்து, குவாராந்தா மார்த்திரி சதுக்கத்தில் இறங்கும்போது மணி ஒன்று. 1944 ஜூன் 22 அன்று ஜெர்மன் படை சுட்டுக்கொன்ற நாற்பது ஊர்க்காரர்களின் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு மேலே ஏறினால் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் உங்களைப் பார்ப்பார், வணக்கமும் சொல்வார், பூட்டவும் பூட்டுவார். நாலு மணிவாக்கில்தான் திரும்பத் திறப்பு. தேவாலயங்களும் பெரும்பாலும் நண்பகலில் மூடி மூன்றரைக்கு மேல்தான் திறக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். வெயிலில் காலித் தெருவைச் சுற்றிவிட்டு ‘ஊரே செத்துக்கிடக்கிறது’ என்று முடிவுகட்டி மூன்று மணி பஸ்ஸில் திரும்புகிறவர்கள், ஊர் எழுந்திருப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்பிவிட்டார்கள் என்று பொருள்.

அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். உணவகச் சமையலறை பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டு, இரண்டரைக்கு அணைந்துவிடும். அடுத்து ஏழரைக்குத்தான். பில்லில் ‘கொபேர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருக்கும். அது ஏமாற்று இல்லை, மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம். அந்த ரொட்டியில் உப்பே இருக்காது. போப்பாண்டவர் உப்புக்கு வரி போட்டதால் கோபித்துக்கொண்டு உப்பை விட்டோம் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை சரியோ தப்போ, கோபம் இன்னும் தீரவில்லை.

சைவர்களுக்கு இங்கே ஒரு முழுப் பரீட்சையே இருக்கிறது. ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் தலையாட்டிவிட்டு மீன் கொண்டுவருவார்கள். சிலர் கணக்கில் பொடியாக நறுக்கிய பன்றித்துண்டு இறைச்சியில் சேராது, அது வாசனைக்குப் போட்டது. ஆகவே ‘நோன் மாஞ்ஜோ நே கார்னே நே பேஷே’ என்று இரண்டையும் சேர்த்தே மறுத்துவிடுங்கள். ஸ்திராங்கோஸ்ஸி என்பது மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் செய்யும் நீளப் பாஸ்தா, முட்டை கிடையாது. அதன்மேல் கறுப்பு டிரஃபிள் காளான் துருவிப் போட்டால் அமிர்தம். ஆனால் நோர்ச்சா என்ற ஊரின் பாணி டிரஃபிள் குழம்பில் பூண்டு, எண்ணெயோடு நெத்திலியும் கரைந்திருக்கும். கரைந்த நெத்திலி கண்ணுக்குத் தெரியாது, ‘அச்சூகே?’ என்று கேட்டால்தான் வெளிவரும். பருப்பு சூப் என்றால் இறைச்சி வேகவைத்த நீரா என்று விசாரியுங்கள். பார்மிஜானோ சீஸும் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியில் உறைவதுதான், கறாராக இருப்பவர்கள் அதையும் தள்ள வேண்டும். கலக்கமில்லாத வழி க்ரேஷா: வட்டமான இரும்புத் தட்டில் சுட்ட தட்டை ரொட்டி, நடுவில் வதக்கிய கீரை. பக்கத்திலேயே சாஸேஜ் வைத்த க்ரேஷாவும் இருக்கும், விரலால் சரியானதைக் காட்டுங்கள்.

காபிக்குக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. விலைப்பட்டியல் சுவரில் இருக்கும். மதியத்துக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள், வயிற்றுக்கு ஆகாதே என்று வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜோர்னோ’ என்று பகல் வணக்கம் சொல்லாமல் பொருளைத் தொட்டுப் பார்ப்பதுதான் உண்மையான குற்றம். மதியச் சாப்பாடு முடிந்தால் மாலை வணக்கமான ‘போனசேரா’வுக்கு மாறிவிடுங்கள், வெயில் கொளுத்தினாலும் சரி.

கூபியோவில் மலையேற ஓர் அபூர்வ வாகனம் இருக்கிறது. கோல்லே எலேத்தோ என்ற கம்பிவடத்தில் ஆளுயரக் கிளிக்கூண்டுகள் தொங்கிக்கொண்டே நகரும். நிற்கவே நிற்காது. ஊழியர் காட்டும் இடத்தில் நின்றால் கூண்டு வந்ததும் அலேக்காக உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு கூண்டுக்கு இரண்டு பேர். பெரிய முதுகுப்பை இருந்தால் முன்பே கழற்றிக் கையில் பிடியுங்கள், முதுகிலேயே இருந்தால் நீங்கள் உள்ளே, பை வெளியே. மேலே சாந்த் உபால்தோ பேராலயம். கண்ணாடிப் பேழையில் புனிதர் உபால்தோவின் உடலே இருக்கிறது, தோளை மூடிய உடுப்போடு போங்கள்.

இறங்கி வந்தால் பார்ஜெல்லோ நீரூற்று. அதை மூன்று முறை சுற்றி ஓடி, ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக அதன் தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் ‘பைத்தியக்கார உரிமம்’ வாங்கும் தகுதி வந்துவிடும். சான்றிதழ் பெயர் போட்டுக் கிடைக்கும். கூபியோக்காரர்கள் தங்களைப் பைத்தியங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். விளங்காவிட்டால் மே 15 அன்று வந்து பாருங்கள்.

அன்றுதான் ‘சேரி’ (Ceri) ஓட்டம்; தூக்கி ஓடும் தூண்களுக்குத்தான் அந்தப் பெயர். மனித உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான மூன்று மரத்தூண்கள், உச்சியில் உபால்தோ, ஜோர்ஜோ, அந்தோனியோ என்று ஆளுக்கொரு புனிதர். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் கூட்டமாகத் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி, பின்பு மலைமேல் வரை ஓடுகிறார்கள். இதில் முந்துவது தடை. உபால்தோ முதல், ஜோர்ஜோ அடுத்து, அந்தோனியோ கடைசி. வரிசை மாறவே மாறாது. பின் எதற்கு ஓட்டம்? தூண் கீழே விழக் கூடாது, முன்னால் போகிறவரிடமிருந்து பின்தங்கக் கூடாது. மேலே போனதும் உபால்தோ கட்சி மற்றவர்கள் நுழைவதற்குள் ஆலயக் கதவைச் சாத்தப் பார்க்கும், ஜோர்ஜோ கட்சி இடுக்கில் நுழையப் பார்க்கும். வருடம் முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு. உம்ப்ரியாவின் கொடியிலேயே இந்த மூன்று தூண்கள்தான் சின்னம்.

அந்த நாளுக்கு அறை வேண்டுமானால் பல மாதம் முன்பே பிடியுங்கள். ஓட்டப் பாதையில் கைக்குழந்தையோடு நிற்காதீர்கள், திருப்பங்களில் தூண் சரிந்தால் ஒதுங்க இடமிருக்காது. முடிந்த பிறகு ‘யார் ஜெயித்தது?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; ‘யாராவது விழுந்தார்களா?’ என்று கேளுங்கள், அரை மணி நேரம் பதில் வரும். மே மாதம் முடியாதவர்களுக்கு ஜூன் 2 அன்று சிறுவர்களின் குட்டித் தூண் ஓட்டம் உண்டு. அதிலும் உபால்தோதான் முதலில்.