040-ஐத் தேடாதீர்கள்

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. நூலக அறிவியலில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான முதல் தாள் காலை வாரிவிட்டது. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. எல்லோரும் கேட்பது "அந்தப் பைத்தியக்கார வாசிப்பு பயன்பட்டதா?" என்றுதான். பயன்பட்டது, அதுவும் நான் நினைக்காத வழியில்.

நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக 000 முதல் 999 வரை எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டை உருப்போட்டு உருப்போட்டு மறந்தவன் நான். பத்து வகுப்புகள் (000, 100, 200...) மனதில் நிற்கும், அவற்றின் நூறு பிரிவுகள் (010, 020, 030...) நிற்காது. சரி, மாவட்ட மைய நூலகத்தில் பிரிவுக்கு ஒரு புத்தகம் படித்துவிடுவோம் என்று கிளம்பினேன். பதினான்கு மாதம் ஆனது.

செய்த பெரிய தவறு, 000-இலிருந்து வரிசையாகப் போனது. 020 நம் பாடமான நூலக அறிவியலே, 030-க்கு ஒரு கலைக்களஞ்சியத் தொகுதி. அப்புறம் 040-ஐ மூன்று சனிக்கிழமை தேடினேன். நூலகர் சிரித்துவிட்டார். "தம்பி, அது காலி வீடு." பழைய பதிப்புகளில் பொதுக் கட்டுரைத் தொகுப்புகள் அங்கே இருந்தன, இப்போது எதற்கும் ஒதுக்கவில்லை. அட்டவணையில் காலி எண்ணைக் காட்டும் சதுர அடைப்புக்குறியைக் கவனித்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். நூறு என்று சொல்கிறோமே தவிர, படிக்கக் கிடைப்பது 99.

அடுத்து 200, அதாவது சமயம். 220 முதல் 280 வரை ஏழு பிரிவுகளும் கிறிஸ்தவத்துக்கு. இந்து, பௌத்தம், சமணம், இஸ்லாம் எல்லாம் 290 என்ற ஒற்றை அறைக்குள். 1876-இல் அமெரிக்கக் கல்லூரி நூலகம் ஒன்றில் இருந்த டியூயி போட்ட கணக்கு இது. 250-இல், அதாவது உள்ளூர்த் திருச்சபை நிர்வாகத்தில், மூச்சு முட்டி இரண்டு மாதம் நூலகத்துப் பக்கமே போகவில்லை. அந்த எரிச்சலில்தான் நம்மூர் நூலக அறிஞர் ரங்கநாதன் உருவாக்கிய மாற்று முறையான கோலன் வகைப்பாட்டை (1933) முதல்முறை ஒழுங்காகப் படித்தேன். இன்றுவரை 220–280 எனக்கு மறக்கவில்லை. கோபம் வந்த எண்கள் நிற்கின்றன, பிடித்த எண்கள் நழுவுகின்றன. எனக்கு அப்படி, உங்களுக்கு எப்படியோ.

திரும்பி வந்தபின் வரிசையை விட்டுவிட்டேன். ஒரு கசப்பு, ஒரு இனிப்பு. 250-ஐ முடித்ததும் 641.5 சமையல், 470 லத்தீனுக்குப் பின் 796 விளையாட்டு.

மற்றவை:

- 510 (கணிதம்), 530 (இயற்பியல்), 540 (வேதியியல்) மூன்றையும் சிறுவர் பகுதியில் எடுத்தேன். கூச்சப்படாதீர்கள்.
- 430 முதல் 480 வரை அயல்மொழிகள். தொடக்கப் பாடநூலில் ஐம்பது பக்கம் படித்துக் கணக்கில் சேர்த்தேன். ஏமாற்று என்பவர்கள் முழுசாகப் படித்துக்கொள்ளலாம்.
- வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு (பேச்சுத் தமிழுக்கு) லத்தீனில் இலக்கணம் எழுதினாரே, அதை 470-இல் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. எந்த மொழியில் எழுதியது என்பதல்ல, எதைப் பற்றியது என்பதுதான் கணக்கு. அது தமிழ் மொழிக்கான 494.811.
- புத்தக முதுகில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எங்கள் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் தமிழ் நாவல்களோடு கலந்து கிடந்தன. பிரெஞ்சு நாவல் தமிழில் வந்தாலும் பிரெஞ்சுப் புனைகதைக்கான 843-தான்.
- 890 (பிற மொழி இலக்கியங்கள்) கடைசியில் இருக்கட்டும். சங்கப் பாட்டு முதல் நேற்று வந்த சிறுகதை வரை 894.811. ரஷ்ய இலக்கியமும் (891.7) அதே பிரிவுதான். இதில் ஒன்றே ஒன்று! தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் போயிற்று.
- நோட்டில் எண்ணை முதலில் எழுதுங்கள், தலைப்பு அப்புறம்.

தேர்வறையில் எண்ணைப் பார்த்தபோது அட்டவணை நினைவுக்கு வரவில்லை, அலமாரிதான் வந்தது. 550 (புவியியல் அறிவியல்கள்) என்றால் மின்விசிறிக்கு நேர் கீழே, அடித்தட்டு, குனிந்துதான் எடுக்க வேண்டும். வகைப்பாட்டுப் பகுதியில் நான் தடுமாறவே இல்லை. ஆனால் இந்தப் பதினான்கு மாதத்தில் ஆய்வு முறையியலைக் கோட்டை விட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் மூன்று மாதம்தான் என்றால் இதில் இறங்க வேண்டாம். 200 (சமயம்), 400 (மொழி) இரண்டையும் மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை மதியம் போனால் கூட்டம் இருக்காது.