கப்பல் என்ன நினைத்தது?

பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசியை விழுங்கியது திமிங்கலம் என்றுதான் ஞாயிறு பள்ளியில் படித்தேன். எபிரேய மூலத்தில் ‘தாக் காதோல்’ என்றிருக்கிறது. பெரிய மீன், அவ்வளவுதான். திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கலம் பார்த்து வளர்ந்த எனக்குச் சிறிது ஏமாற்றம்.

என்னைப் பிடித்துக்கொண்டது யோனா புத்தகத்தில் முதல் அதிகாரத்தின் நான்காம் வசனம். புயலில் கப்பல் ‘கிஷ்ஷெவா லெஹிஷ்ஷாவேர்’. உடைந்துவிடுவோம் என்று கப்பலே நினைத்ததாம்! உரக்கச் சொல்லிப் பாருங்கள், பலகை நெரிகிற சத்தம் கேட்கும். அடுத்த வசனத்தில் மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். யோனாவோ அடித்தளத்தில் அயர்ந்து உறங்குகிறான்.

திருக்கடலூரில் வள்ளம் வைத்திருக்கும் மாமாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். வலை பொத்துவதை நிறுத்தாமலே, “நினைக்கும்தான் மகன். வாடைக் காற்றில் அது முனகுவதைக் கேட்டுத்தானே நாங்கள் கரைக்குத் திரும்புகிறோம்” என்றார்.