கசானே வழியாக சோபே: எல்லைச்சாவடியும் மணலும்

போட்ஸ்வானாவின் வடகிழக்கு மூலையில், சோபே ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் கசானே. ஆற்றுக்கு அக்கரை நமீபியா. கொஞ்சம் கிழக்கே போனால் சாம்பியாவும் சிம்பாப்வேயும். ஊர் முடிகிற இடத்தில் சோபே தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. சுமார் 11,700 சதுர கி.மீ. பரப்பு. மே முதல் அக்டோபர் வரை காட்டுக்குள் குட்டைகள் வற்றுவதால் யானைகள் கூட்டங்கூட்டமாக ஆற்றுக்கு இறங்கும். ஆகவே யானை பார்ப்பது இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. பயணம் சிக்குவது எல்லைச்சாவடியிலும் மணலிலும்தான்.

முதலில் எல்லை. சாம்பியாவின் லிவிங்ஸ்டனில் விமானம் இறங்கி கசுங்குலா எல்லைச்சாவடி வழியாக வருவது வசதி. 2021 மே மாதம் 923 மீட்டர் பாலம் திறக்கும்வரை லாரிகள் மிதவைக்காக நாள்கணக்கில் நின்ற இடம் இது. (பாலம் வளைந்து போவது சிம்பாப்வே எல்லையைத் தொடாமலிருக்க.) சாம்பியா, சிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்துத் தரும் காசா யூனிவிசா 50 டாலர், 30 நாள். அதை வைத்து கசுங்குலா வழியாக சோபே வந்து அன்றே திரும்பலாம். இரவு தங்குவதென்றால் போட்ஸ்வானா விசாவைத் தனியாக முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் கூட வந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று அவசியம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வருபவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஊசி போட்டு 10 நாள் கழிந்தால்தான் அது செல்லும்; சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரை வேறு கதை: டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பியபின்னும் 4 வாரம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவோர்தான் அதிகம்.

சாவடியில் மருந்து நனைத்த பாயில் காலணியோடு மிதிக்கச் சொல்வார்கள், பெட்டிக்குள் இருக்கும் ஷூவையும் எடுக்கச் சொல்லலாம். எல்லாம் மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்குப் பயந்து. நாட்டுக்குள்ளேயே கால்நடை வேலிகள் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுபோனால் வேலிச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மாலைப் படகுச் சவாரி போதும். ஏறக்குறைய மூன்று மணி நேரம். செடுடு தீவுக்கு யானைகள் நீந்திப்போவதைத் தண்ணீர் மட்டத்திலிருந்தே பார்க்கலாம். இந்தத் தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானா ஜெயித்தது. ஜூன், ஜூலையில் விடிகாலைத் திறந்த ஜீப்பில் போனால் பல் கிட்டும் குளிர்; கம்பளிக் குல்லாய் இல்லாமல் ஏறாதீர்கள்.

சொந்தமாக வண்டி ஓட்டி, பூங்காவின் உட்பகுதியான சவூட்டிக்குப் போக நினைப்பவர்களுக்குத்தான் மீதி. கசானேயிலிருந்து சுமார் 170 கி.மீ. கச்சிகாவு வரை தார்ச்சாலை, அதற்கப்புறம் ஆழமான மணல். கசானேயை விட்டால் தெற்கே மவுன் நகரம் வரை பெட்ரோல் பங்க் கிடையாது. மணலில் டீசல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும், வழக்கமான கணக்குப் போட்டு டேங்கை நிரப்பினால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான்.

தார் முடிகிற இடத்திலேயே இறங்கி டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்க வேண்டும். மாட்டிக்கொண்டபின் குறைப்போம் என்று விடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நான்கு சக்கர இயக்கத்தையும் மணலுக்குள் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், குளிர்ந்த மணல் கெட்டியாக இருக்கும், மதிய வெயிலில் மாவாக இளகிவிடும். வண்டி புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க அச்சு வரை இறங்கும். சுற்றிலும் மிருகம் இல்லையென்று பார்த்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை 15-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பாதை நடுவே வளர்ந்த காய்ந்த புல் சைலன்சர் பக்கம் சேர்ந்து தீப்பற்றும். அவ்வப்போது குனிந்து பார்த்து உருவிப்போட ஒரு கம்பி வேண்டும். இப்படி எரிந்துபோன வண்டிகள் உண்டு.

சவூட்டி முகாமுக்கு ஆரஞ்சுப் பழம் வேண்டாம். யானைக்கு வாசனை போதும், கூடாரம் தாங்காது.

சவூட்டியிலிருந்து மவுனுக்கு இரண்டு தடம்: ஒன்று மணல்மேட்டில், இன்னொன்று சதுப்பு நிலத்தில். தெற்கே மாபாபே தாழ்நிலம் நம்மூர்க் கரிசல்காடு மாதிரி. மழை பெய்தால் சக்கரத்தில் களி அப்பிக்கொண்டு வண்டி ஒரு அடி நகராது. மழையில்லாத மாதங்களில் சதுப்புத் தடம் சுகம். டிசம்பர் முதல் மார்ச் வரை மணல்மேட்டையே நம்புங்கள், அல்லது போகாதீர்கள். மவுனுக்கு முன்னால் ஷொரோபே ஊரில் தார் மறுபடி வரும். அங்கே நின்று கம்ப்ரசரால் காற்றை நிரப்பிவிட்டு நகர வேண்டும்; காற்றில்லாத டயரோடு வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.