நாலு கையால் சாப்பிடும் கூனி

பாபநாசம் பக்கம் ஓர் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா பையன் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, இது ரெண்டு கையாலயும் சாப்பிடுது!" என்றான்.

ரெண்டு இல்லை, நாலு. அங்குல நீளம்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி கூனி இறால். அந்தக் குட்டிக் கைகளின் நுனியில் பெயின்ட் பிரஷ் போல முடிக்கற்றை. ஊறிக் கிடந்த இலையைத் துடைத்துத் துடைத்து மாறி மாறி வாய்க்குக் கொண்டுபோகிறது. ஒரு நொடி நிற்கவில்லை! இலைமேல் படியும் வழுவழுப்புதான் சாப்பாடு: பாசி, பூஞ்சை, பாக்டீரியா. நமக்கு வழுக்கிவிடும், அதற்கு விருந்து.

இதன் சொந்தபந்தங்கள், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மலை ஓடைகளில், இன்னும் கில்லாடிகள். அட்யா என்ற இறால், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் கை முடிகளை விசிறிபோல் விரித்து, மிதந்து வருவதை வடிகட்டித் தின்னும். வேகம் குறைந்தால் கல்லைச் சுரண்டும். சைஃபோகாரிஸ் என்ற இன்னொன்று உதிர்ந்த இலையையே கிழித்துவிடும். அந்தத் துணுக்குகள் ஓடையில் கீழ்ப்பக்கம் இருக்கும் அட்யாவின் விசிறியில் போய் மாட்டும்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் எல்லாம் சொன்னேன். "கூனியா? எங்கல, கொண்டாரலையா?"