இசட் அச்சுக்கு எட்டு இஞ்ச் எதற்கு?

காவேரிப்பட்டினத்தில் கதவு வேலை செய்யும் மாமாவுக்காக ஒரு சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) வரைந்துகொண்டிருக்கிறேன். எக்ஸ், ஒய் (நீளம், அகலம்) இரண்டிலும் பேச்சே இல்லை, கதவு எவ்வளவு பெரிசோ அவ்வளவு. மேலும் கீழும் ஓடும் இசட் வந்ததும்தான், "மாப்ள, எதுக்கும் இருக்கட்டும், எட்டு இஞ்ச் வச்சுடு" என்றார். எதுக்கும் இருக்கட்டும் என்று வைக்கிற அந்த இடைவெளிக்கு ஒவ்வொரு வெட்டிலும் வட்டி கட்ட வேண்டிவரும், அதனால்தான் இந்தப் பதிவு.

இங்கே அளவு இரண்டு. ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) மேலும் கீழும் ஓடுகிற தூரம் ஒன்று, மேசைக்கும் கேன்ட்ரியின் (ஸ்பிண்டிலைத் தாங்கி மேசைக்கு மேலே குறுக்கே நிற்கும் பாலம்) அடிப்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இன்னொன்று. ஓட்டத்தை 200 மி.மீ வைத்துவிட்டு இடைவெளி 60 என்றால் 80 மி.மீ கட்டை உள்ளேயே போகாது. இடைவெளி 200 வைத்து ஓட்டம் 80 என்றால் சின்ன பிட் மாட்டியதும் மேசையைத் தொடாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

மாமாவின் வேலையிலிருந்து தொடங்கினேன். தலைவாசல் கதவு என்றால் தேக்கில் ஒன்றரை இஞ்ச், மிஞ்சிப்போனால் இரண்டு இஞ்ச், அதாவது 50 மி.மீ. மேசை மேல் போடும் எம்.டி.எஃப் பலகையின் மேற்பரப்புதான் என் பூஜ்யம் (அதற்குக் கீழே இருந்து அளந்தால் 18 மி.மீ காணாமல் போகும்). கதவு 50, அதன் மேல் கிளாம்ப் துருத்துவது 20, ஒரு மூச்சுக்கு 5, ஆக கேன்ட்ரிக்குக் கீழே 75 போதும். ஓட்டத்துக்கு, பிட்டைப் பிடிக்கும் கொலட் நட்டின் முனை எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மேலே: கதவு 50, தாண்டிப் போக 10, வெளியே நீட்டிய நீள பிட் 40, ஆக 100. கீழே: எம்.டி.எஃபைச் சமப்படுத்தும் அகல பிட் 25தான் நீட்டும், பலகை சீவச் சீவ இன்னும் 5 இறங்க வேண்டும், ஆக 20. வித்தியாசம் 80. எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிட் ஸ்விட்சுக்கு இரண்டு முனையிலும் ஐந்தைந்து சேர்த்தால் 90.

"மூணரை இஞ்ச்தானா?" என்று மாமாவுக்கு முகம் வாடிப்போச்சு.

எட்டு இஞ்சில் என்ன ஆகும் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவர் பட்டறையில் பெரும்பாலான நாள் ஓடப்போவது 18 மி.மீ ப்ளைவுட். அதை வெட்டி முடிக்கும்போது 25 மி.மீ நீட்டிய பிட்டின் நுனி மேசையில் இருக்கும். கேன்ட்ரி 75-இல் இருந்தால் கொலட் முனை அதற்குக் கீழே 50 மி.மீ தொங்குகிறது. கேன்ட்ரி 200-இல் இருந்தால் தொங்குவது 175. ஒரு முனை பிடித்த கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு, இது பாடப்புத்தகக் கணக்கு. ஓசூரில் நண்பர் ஒருவரின் உயரமான மெஷினில் சின்ன அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டில் மூக்கில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். இசட் மேலே இருந்தபோது முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை, முழுசாகக் கீழே இறக்கி அதேபோல் தள்ளியதும் கோடு கோடாகத் தாண்டியது. அந்த மெஷினில் வெட்டிய ப்ளைவுட் விளிம்பை விரலால் தடவினால் சீப்புப் பல் மாதிரி வரி வரியாகத் தட்டுப்படும். பக்கச் சுவரை உயர்த்தி அதன் உச்சியில் கேன்ட்ரி ஓடும் ரெயில் வைத்தால் கேன்ட்ரி கால் குட்டையாகும், அது நல்லதுதான், ஆனால் ஸ்பிண்டில் தொங்குவது அதனால் ஒரு மி.மீ கூடக் குறையாது.

இசட்டுக்கான ரெயிலை எதில் பூட்டுவது என்பதும் இதே கணக்கில் வருகிறது. கேன்ட்ரி பக்கம் பூட்டினால், தேவையான ஓட்டத்துக்காக ரெயில் கீழே நீண்டு இடைவெளியை நிரந்தரமாகத் தின்னும். நான் ரெயிலில் வழுக்கி ஓடும் பிளாக்குகளை கேன்ட்ரி பக்கமும் ரெயிலை ஸ்பிண்டில் தட்டிலும் வைக்கிறேன், தட்டு ஏறும்போது ரெயிலும் கூடவே ஏறிவிடும். 15 மி.மீ ரெயில், ஒரு பக்கத்துக்கு இரண்டு பிளாக், வெளி முனைக்கு வெளி முனை 145. ஓட்டம் 90 சேர்த்தால் 235, ஆக 250 நீளம். பிளாக்குகளை நெருக்கி வைத்து ரெயில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம், அந்த அகலம்தான் ஸ்பிண்டில் தலையாட்டுவதைத் தடுக்கிறது.

சரி, மாமாவுக்கு எட்டு இஞ்ச் எதற்கு என்று தோண்டிக் கேட்டதில், எப்போதாவது கட்டில் கால் கடைய வேண்டுமாம். அதற்காக மொத்த மெஷினையும் தூக்க மாட்டேன். மேசையின் முன்பக்கத்தில் ஒரு அடி அகலத்துக்குக் கழற்றுகிற பலகை, அதை எடுத்தால் கீழே பள்ளம், கட்டையைச் சுழற்றும் ரோட்டரி அதற்குள் உட்காரும். கால் பாதி மேசை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் இந்த 90 ஓட்டமே போதும். கேட்டதும் "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார்.

இன்னும் முடிவாகாதது, கரண்ட் போனால் என்ன செய்வது என்பது. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் ஐந்து கிலோ அளவில் வரும், தட்டும் ஸ்பிண்டிலைப் பிடிக்கும் கிளாம்பும் தனி. இசட்டை ஏற்றி இறக்கும் 1605 பால் ஸ்க்ரூ (திருகு) தானாகப் பூட்டிக்கொள்ளாது, கரண்ட் போய் அதைத் திருப்பும் மோட்டார் பிடி விட்டதும் ஸ்பிண்டில் சரசரவென்று இறங்கிவிடும், பிட் சுற்றுவதும் உடனே நிற்காது. பிரேக் வைத்த மோட்டார் விலை அதிகம். அதனால் இப்போதைக்கு எடையைத் தாங்க 100 மி.மீ ஓடுகிற ஒரு கேஸ் ஸ்பிரிங்கை வரைபடத்தில் போட்டிருக்கிறேன், 90 ஓட்டத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. தட்டு வெட்டி வந்ததும் மொத்தத்தையும் தராசில் வைத்து நிறுத்துவிட்டுத்தான் எத்தனை நியூட்டன் என்று ஆர்டர் போடப்போகிறேன்.