காஞ்ச மாசத்துக் கேசட்

பொங்கலுக்கு வந்த பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்திருக்கும். சித்திரைக்கு வரவேண்டியது இன்னும் வந்திருக்காது. தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்குமான அந்த இடைவெளிக்கு எங்கள் விடுதியில் ‘காஞ்ச மாசம்’ என்று பெயர். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. பிள்ளை படிக்கிற வீட்டில் டிவியையே துணி போட்டு மூடிவைத்திருப்பார்கள், தியேட்டருக்கு யார் போவது? பெரிய படங்களைத் தமிழ்ப் புத்தாண்டுக்குத் தள்ளிவிடுவார்கள். படம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கேசட் வருகிற காலம் அது. படமே இல்லையென்றால் கேசட் எங்கிருந்து வரும்?

நான் சொல்வது 1994. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதி. இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி. அறைக்கு நாலு பேர். பெயர் போட்டால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து என்னைக் கொன்றுவிடுவார்கள். அதனால் அன்றைக்கு நாங்கள் கூப்பிட்டுக்கொண்ட மாதிரியே ஊரை வைத்துச் சொல்கிறேன்: தென்காசிக்காரி, நாசரேத்துக்காரி, கோவில்பட்டிக்காரி. நான் சாத்தான்குளம்.

டேப் ரெக்கார்டர் தென்காசிக்காரியுடையது. அவள் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன். செய்தி கேட்க ரேடியோ வைத்துக்கொள்ளலாம் என்று வார்டன் அனுமதி கொடுத்திருந்தார். அந்த ரேடியோவுக்குள் கேசட் போடுகிற வாயும் உண்டு என்பதை நாங்கள் அவரிடம் விளக்கிச் சொல்லவில்லை. அறைக்குள் பிளக் பாயின்ட் கிடையாது. நாலு பெரிய பேட்டரிதான். தீர்ந்துபோனால் மதில் சுவர்மேல் வெயிலில் காயவைப்போம், அதில் ஒரு மூன்று பாட்டு கூடுதலாக வரும். அதற்கு மேல் போட்டால் இழுக்க ஆரம்பித்து, ஜானகியம்மா குரல் மலேசியா வாசுதேவன் குரல் ஆகிவிடும். ரீவைண்ட் பொத்தானைத் தொடவே கூடாது. பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றவேண்டும். அது பெரும்பாலும் என் வேலை.

அந்தப் பொங்கலுக்கு மகாநதி, அமைதிப்படை, சேதுபதி ஐ.பி.எஸ். மூன்றும் இளையராஜா. கோவில்பட்டிக்காரி தரையில் கால் பாவாமல் நடந்தாள். ‘ஸ்ரீரங்க ரங்கநாதனின்’ பாட்டைக் குளியலறை வரிசையில் நின்றுகொண்டு முழுசாகப் பாடுவாள், முன்னால் நிற்கிறவள் வழிவிடும்வரை. நானும் தென்காசிக்காரியும் ரகுமான் கட்சி. நாசரேத்துக்காரி எந்தக் கட்சியிலும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள், எங்கள் சண்டையை ஏதோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிப் பார்ப்பாள்.

மாசி பிறந்ததும் கோவில்பட்டிக்காரியின் சரக்கும் தீர்ந்தது. புதுசு ஒன்றும் இல்லை. ஊருக்குப் போய்வருகிறவளிடமெல்லாம் “எதும் வந்திருக்காட்டி?” என்று கேட்போம். ஒன்றும் வந்திருக்காது. அப்போதுதான் என் அண்ணன் பதிந்துகொடுத்த அந்தத் தொண்ணூறு நிமிஷக் கேசட்டை மறுபடி எடுத்தோம்.

1993 தீபாவளிக்கு ரகுமான் இசையில் மூன்று படம் ஒரே சமயத்தில் வந்தது: மணிரத்னத்தின் திருடா திருடா, பாரதிராஜாவின் கிழக்குச் சீமையிலே, கதிரின் உழவன். ஒருத்தர் ஒரே பண்டிகைக்கு இப்படி மூன்று சாப்பாடு போட்டால் நாம் எதை ஒழுங்காகச் சாப்பிடுவோம்? முதல் பக்கம் திருடா திருடா. அடுத்த பக்கம் கிழக்குச் சீமையிலே. அது முடிந்து மிச்சம் கிடந்த டேப்பில் உழவன் பாட்டுகளை அண்ணன் போட்டுவைத்திருந்தான், துணிக்கடையில் மிஞ்சின துண்டைச் சேர்த்துக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. நாலு மாசமாக நாங்கள் கேட்டது ‘சந்திரலேகா’தான், ‘வீரபாண்டிக் கோட்டையிலே’தான், மிஞ்சிப்போனால் ‘ஆத்தங்கர மரமே’. அதோடு பென்சிலை எடுத்துச் சுற்றிவிடுவோம். உழவன் வரைக்கும் பேட்டரியை விட்டால்தானே?

காஞ்ச மாசத்தில் அங்கேயும் போனோம். ‘பெண்ணல்ல பெண்ணல்ல ஊதாப்பூ’ எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அது எஸ்.பி.பி. என்பதில் சண்டை இல்லை. அதற்கு அடுத்து வந்தது ‘மாரி மழை பெய்யாதோ’. வெளியே பாளையங்கோட்டை வெயில், விடுதிக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, உள்ளே ஒரு ஆள் மழையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கணீரென்ற கிராமத்துக் குரல். வயலில் அந்தக் கடைசியில் நிற்கிறவனை இந்தக் கடைசியிலிருந்து கூப்பிடுகிற குரல். நாங்கள் மூன்று பேரும் பாட்டு நல்லாருக்கே என்று உட்கார்ந்திருக்கிறோம். நாசரேத்துக்காரி மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, ‘ராசாத்தி’ பாடுனவரும் இவரும் ஒரே ஆளு.”

‘ராசாத்தி என் உசிரு’ திருடா திருடாவில் உள்ளது. வாத்தியமே கிடையாது, குரல்கள் மட்டும். எங்கள் அறையில் அதை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பாடகர் குழு ஆள் இல்லையா, அத்தனை குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதை விரலால் கட்டில் சட்டத்தில் தட்டித்தட்டிக் காட்டுவாள். அந்தப் பாட்டில் உருகி உருகிப் பாடுகிறவரும், இங்கே மழைக்குக் கத்துகிறவரும் ஒரே ஆள் என்றால் யார் நம்புவது? கோவில்பட்டிக்காரி சிரித்தாள். தென்காசிக்காரி பந்தயம் கட்டினாள். ஒரு வாரத்துக்கு யார் யாருடைய துணியைத் துவைப்பது என்பது பந்தயம்.

பதிந்த கேசட்டில் பாடகர் பெயர் ஏது? அண்ணன் எழுதியிருப்பது பாட்டின் முதல் இரண்டு சொல், அதுவும் இடம் போதாமல் ‘மாரி ம.’ என்று. நெல்லை வானொலியில் போட்டால் அறிவிப்பாளர் சொல்லுவார், ஆனால் உழவனை எப்போது போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் ஊருக்குப் போகிற ஒரு சனிக்கிழமை, நான் ஜங்ஷனில் இறங்கி ஒரு கேசட் கடைக்குப் போனேன். வாங்கக் காசில்லை. உழவன் கேசட்டைக் கேட்டு வாங்கி, உள்ளே மடித்துவைத்திருக்கும் அட்டையைப் பிரித்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சாகுல் ஹமீது என்று இருந்தது. “அண்ணே, அப்படியே திருடா திருடாவும் எடுங்க” என்றேன். அதிலும் இருந்தது. கடைக்காரர் முகம் மாற ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் என்னமோ தோன்றி கிழக்குச் சீமையிலேயையும் கேட்டேன். ‘எதுக்குப் பொண்டாட்டி’. அதிலும் அதே பெயர்.

“வாங்குதியாம்மா, இல்ல பரீட்சைக்குப் படிக்கியா?” என்றார்.

மூன்று படம், மூன்றிலும் ஒரே ஆள். ஒன்றில் உயிரே போகிற ஏக்கம், ஒன்றில் வறண்ட நிலத்து வேண்டுதல், ஒன்றில் ஊர் நக்கல். போன வருஷம் ஜென்டில்மேனில் ‘உசிலம்பட்டி பெண்குட்டி’யும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அதைத்தான் நாங்கள் காலேஜ் டே ஆட்டத்துக்கு முப்பது தடவை ஓடவிட்டிருந்தோம்! யார் பாடினார் என்று கேட்கத் தோன்றவில்லை. தீபாவளிக்கு அடுத்த வாரமே இன்னொரு நல்ல கேசட் வந்திருந்தால் சத்தியமாக இப்போதும் தோன்றியிருக்காது. தென்காசிக்காரி ஒரு வாரம் நாசரேத்துக்காரியின் பாவாடை தாவணி எல்லாம் துவைத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் ‘மாரி மழை’ எங்கள் அறையின் பாட்டாயிற்று. தண்ணீர் வராத நாளில் காலையிலேயே போடுவோம். பக்கத்து அறைக்காரிகள் வந்து வாசலில் நிற்பார்கள். கோவில்பட்டிக்காரி மட்டும், “மெட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க ஆளு போட்டிருந்தா…” என்று ஆரம்பிப்பாள். தலையணை பறக்கும்.

அதனால்தான் பங்குனியில் அந்த விபத்து நடந்தபோது எல்லார் கண்ணும் அவள்மேல் போயிற்று. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்து, டேப்பை நடுவில் போட்டுக்கொண்டு கேட்போம். இருட்டில் யாரோ ப்ளே பொத்தானுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அதை அழுத்தினால் ப்ளேயும் சேர்ந்து இறங்கிவிடும். கேசட்டின் முதுகில் இருக்கிற சின்னத் தகட்டை உடைத்து விட்டிருந்தால் சிவப்புப் பொத்தான் இறங்கியிருக்காது. அண்ணன் உடைக்கவில்லை. மறுநாள் காலையில் போட்டால், ‘மாரி மழை’ நடுவில் சட்டென்று அறுந்து, என்னமோ இரைச்சல். அந்த இடம் வந்ததுமே தென்காசிக்காரி ஐயோ என்று அணைத்துவிட்டாள். அந்த இரைச்சலில் என்ன இருக்கிறது என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை யாரும் போடவும் இல்லை. ராஜா கட்சிக்காரி வேண்டுமென்றே ரகுமான் பாட்டை அழித்துவிட்டாள் என்று முடிவாயிற்று. அவள் அழுதுகூடப் பார்த்தாள். அந்தப் பழியை முதலில் சொன்னது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சித்திரை வந்தது. வீரா வந்தது. ‘மலைக் கோயில் வாசலில்’ கேட்டுக் கோவில்பட்டிக்காரி மறுபடி மிதக்க ஆரம்பித்தாள், நாங்களும் கூடத்தான். மே மாதம் டூயட். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் வந்தபின் உழவனை யார் நினைத்தார்கள்? அந்தக் கேசட் கடைசியில் யார் பெட்டியில் போயிற்று என்றுகூடத் தெரியாது. சாகுல் ஹமீதும் அந்தத் தொண்ணூறுகளிலேயே ஒரு சாலை விபத்தில் போய்விட்டார்.

இப்போது எங்கள் நாலு பேருக்கும் ஒரு வாட்ஸப் குரூப். பெயர் ‘காஞ்ச மாசம்’. தென்காசிக்காரி மஸ்கட்டில், நாசரேத்துக்காரி நாகர்கோவிலில் டீச்சர், கோவில்பட்டிக்காரி கோவையில், நான் மதுரையில். வருஷத்தில் பத்து மாதம் குட்மார்னிங் படமும் பேரன் போட்டோவும் வரும் (தென்காசிக்காரிக்குப் பேரன் வந்துவிட்டான், எனக்கு இன்னும் மகன் கல்யாணமே முடியவில்லை). பெரிய படம் எதுவும் வராத மாசி பங்குனியில்தான் பழைய புத்தி வரும்.

2024 ஜனவரி கடைசியில் லால் சலாம் பாட்டுகள் வந்தன. அதில் ‘திமிறி எழுடா’. பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இரண்டு பேருடைய குரலையும் ஏஐ வைத்து உண்டாக்கியிருந்தார் ரகுமான். இருவருமே உயிரோடு இல்லை. தென்காசிக்காரி லிங்க்கை மட்டும் போட்டாள், ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். அந்தக் கணீர் வந்ததும் கரண்டியை வைத்துவிட்டேன். அவரேதான். பிறகு இரண்டாம் தடவை போட்டேன், அப்போது அவராக இல்லை. மூன்றாம் தடவை மறுபடி அவர் மாதிரி இருந்தது. அந்தக் குழப்பம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

குரூப் இரண்டு வாரம் தூங்கவில்லை. அந்தச் சமயம் தமிழில் பேசுகிற மாதிரி வேறு பாட்டும் வரவில்லை. பிப்ரவரி கடைசியில் ஊரே தியேட்டருக்குப் போனது மஞ்ஞும்மல் பாய்ஸ் என்கிற மலையாளப் படத்துக்கு, அதிலும் ஆட்கள் கைதட்டியது 1991 குணா படத்து ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டுக்கு. “முப்பது வருஷம் கழிச்சும் எங்க ஆளுதாம்ட்டி காப்பாத்த வேண்டியிருக்கு. அதுவும் மிசின் இல்லாம” என்று கோவில்பட்டிக்காரி வாய்ஸ் மெசேஜ் போட்டாள். நியாயமாகப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செத்தவர் குரலை எடுத்துப் பாடவைக்கலாமா என்பதுதான் சண்டை. கூடாது என்றேன் நான். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, அதற்குரிய பணமும் கொடுத்துத்தான் செய்ததாக ரகுமானே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். “அவங்க வீட்டாளுகளே சரின்னுட்டாங்க. எடையில உனக்கு என்னட்டி வலிக்கி?” என்றாள் தென்காசிக்காரி. அவள் சொல்வது சரிதான். பாடகர் செத்துப்போனால் குடும்பத்தை எட்டிப்பார்க்காத உலகத்தில் அது சின்ன விஷயமில்லை. நாசரேத்துக்காரி இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி எழுதினாள்: “குரல் அவருதான். ஆனா இந்தப் பாட்டை அவரு கேட்டதே இல்லயே.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. பரண்மேல் தேடி அந்தக் கேசட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் மகன் எங்கிருந்தோ ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி, ஒயர் சொருகி, கம்ப்யூட்டரில் ஏற்றி, மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் போட்டாள். ‘மாரி ம.’ என்றே பெயர் வைத்திருந்தாள். பாட்டு கொஞ்சம் கம்மிப்போய், ஆனால் உயிரோடு இருந்தது. பாதியில் டக் என்று அறுந்தது. இரைச்சல். மின்விசிறி இல்லாத அறையின் சத்தம். பிறகு, பத்தொன்பது வயசுக் குரல் ஒன்று, மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, ரகசியமாக:

“அமுக்கிட்டேனே, ஏன் பாட்டு வரல?”

தூரத்திலிருந்து, தூக்கக் கலக்கத்தில் கோவில்பட்டிக்காரி: “எனக்கென்னட்டி தெரியும், நான் படுத்துட்டேன். நீயே பாரு.”

மறுபடி டக். மழை தொடர்ந்தது.

ஒன்பது விநாடி. முதல் குரல் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கோவையில் நீல டிக் விழுந்தது. ‘டைப்பிங்’ என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் எழுதி முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அது நான் இல்லட்டி. ஏஐ.”

பதில் உடனே வந்தது.

“அப்பிடியா? யாருகிட்ட பெர்மிஷன் வாங்குனாங்களாம்?”